கவுண்டரே இல்லாத பப்: ஆல்ட்வொர்த் பெல்லுக்குப் போய் வந்தேன்

ரெடிங் ராமு

மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். அதைப் பற்றித்தான் இந்த இழை. பப் பற்றி எழுதினால் ‘குடியைப் பரப்புகிறாய்’ என்று யாராவது வருவீர்கள், தெரியும். நான் குடித்தது ஒரே ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வீட்டம்மா எலுமிச்சை சோடா.

ஞாயிறு காலை ஸ்ட்ரீட்லியில் காரை விட்டுவிட்டு மேட்டில் ஏறி நடந்தோம். ஆல்ட்வொர்த் என்று பெர்க்‌ஷரில் ஒரு குட்டி ஊர். தேவாலயத்தில் ஒன்பது கல் சிலைகள் படுத்திருக்கின்றன, பெரிய பெரிய உருவம், ஊர்க்காரர்கள் ‘ராட்சதர்கள்’ என்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனோம். பார்த்துவிட்டு வெளியே வந்தால் மழை கொட்டுகிறது. ஓடிப் போய் நுழைந்த இடம் ‘பெல்’.

உள்ளே போனதும் திகைத்து நின்றேன். கவுண்டரைக் காணோம்! வழக்கமாக பப் என்றால் நீளமாக ஒரு மேடை, அதில் முழங்கையை ஊன்றி நாலு பேர், பின்னால் கண்ணாடியும் பாட்டில்களும். இங்கே அது ஒன்றும் இல்லை. நடையில் ஒரு சின்ன ஜன்னல், கட்டம் கட்டமாகக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு முகம். போஸ்ட் ஆபீஸில் ஸ்டாம்ப் வாங்குவது மாதிரி குனிந்து கேட்க வேண்டும். பணத்தைக் கொடுத்தால் கிளாஸ் வெளியே வருகிறது.

சுற்றிலும் மரப் பெஞ்சுகள். தேய்த்துத் தேய்த்து நரம்பு தெரியும் மேசைகள். சுவரோரமாக ஒரு பழைய கடிகாரம், அதற்கு ஒரே ஒரு முள். வீட்டம்மா மெதுவாக, “பாவம், ஒரு முள் உடைந்துபோச்சு போல” என்றாள். பக்கத்துப் பெஞ்சுத் தாத்தாவிடம் நான் அதையே கேட்டுவிட்டேன். நிமிட முள் அதற்கு எப்போதுமே இருந்ததில்லையாம். முகப்பைக் கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு மணிக் குறிகளுக்கு நடுவே ஐந்து கோடு இல்லை, நாலே பாகம். மணி மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். படம் எடுக்கலாம் என்று போனை எடுத்தேன், தாத்தா ஒரு விரலை ஆட்டினார். உள்ளே போன் கூடாதாம்.

சாப்பாடு என்றால் சூடான உருண்டை ரொட்டி, உள்ளே ஏதாவது வைத்துத் தருகிறார்கள். கழிப்பறை வெளியே, ஆண்களுக்கானதில் தலைக்கு மேலே வானம். 250 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறதாம். காம்ரா என்கிற பீர் ஆர்வலர் அமைப்பு 1990இலும் 2019இலும் நாட்டிலேயே சிறந்த பப் என்று தேர்ந்தெடுத்த இடம் அது என்பதை வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் அறிந்தேன்.

என் கேள்வி: மற்ற பப் எல்லாம் விமான நிலைய லவுஞ்சு மாதிரி ஆகிவிட்டபோது இது மட்டும் எப்படித் தப்பியது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளிக்காரன்

ராமு, நல்ல இடத்தில்தான் மழை பெய்திருக்கிறது உங்களுக்கு. நான் ஹெரிஃபோர்ட்‌ஷர் பக்கம் பழைய கட்டிட மரவேலை செய்கிறேன், பதினைந்து வருஷமாக. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கவுண்டர் ‘இல்லை’ என்கிறீர்கள். அந்தக் கவுண்டர்தான் பின்னால் வந்த விருந்தாளி. பழைய கிராமத்துப் பப் என்பது ஒரு வீடு. வீட்டுக்காரி பின்கட்டில் பீப்பாயிலிருந்து பிடித்து, சொம்பில் கொண்டு வந்து, உட்கார்ந்திருப்பவர் கிளாஸில் ஊற்றுவாள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஜின் கடைகளில்தான் நீண்ட கவுண்டர் பரவலானது. கூட்டம் அதிகம், நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள், வேகமாக விற்க வேண்டும். ஜோசஃப் பிராமா 1797இல் பீர் பம்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். நிலவறையிலிருந்து குழாய் வழியே மேலே இழுக்க வழி கிடைத்தது, பம்பை மாட்ட ஒரு மேடை வேண்டுமே, அந்த மேடைதான் இன்றைய கவுண்டர். கிராமத்தில் பத்துப் பேர் வரும் வீட்டுக்கு அந்தச் செலவு எதற்கு?

அப்புறம் 1830இல் பீர்க்கடைச் சட்டம் வந்தது. வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் வருஷத்துக்கு இரண்டு கினி (அந்தக் காலப் பணக் கணக்கு) கட்டினால் சொந்த வீட்டு முன்னறையில் பீர் விற்கலாம். சில ஆண்டுகளில் பல்லாயிரம் வீடுகள் கடையாகிவிட்டன. விவசாயி, தச்சன், கொல்லன், விதவை என்று எல்லோரும். முன்னறைதான் பப், பின்னறை குடும்பம், நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவில் வெட்டியதுதான் இந்த மாதிரி ஜன்னல்.

இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இடங்களுக்கு என்ன ஆயிற்று என்றால், 1960, 70களில் பெரிய மதுவாலைகள் சுவர்களை இடித்து எல்லா அறையையும் ஒன்றாக்கின. ஒரே கவுண்டரிலிருந்து ஒரே ஆள் எல்லோரையும் பார்த்துக்கொள்ளலாம், சம்பளம் மிச்சம். உரிமம் கொடுக்கும் மாஜிஸ்திரேட்டுகளுக்கும் கண்ணுக்கு எட்டாத மூலை முடுக்கு என்றால் ஆகாது, அந்த வெறுப்பு அதற்கும் முந்தியது. ஆக, தப்பியவை எவை என்றால், கம்பெனிக்குச் சொந்தமாகாமல் குடும்பத்தின் கையில் இருந்தவை, அல்லது இடிக்கக்கூடக் காசு இல்லாதவை. பெல் முதல் வகை.

ஹாரோ மாமா

தம்பி ராமு, இதை வாசிக்க எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 86ஆம் ஆண்டு நான் இப்ஸ்விச்சில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. என்னோடு வேலை செய்த கிழவர் ஒருநாள் லாக்ஸ்ஃபீல்ட் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். சஃபோக். கிங்ஸ் ஹெட் என்று பெயர், ஆனால் ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், ‘லோ ஹவுஸ்’ என்றுதான் கதைப்பார்கள். வைக்கோல் வேய்ந்த கூரை. அங்கேயும் கவுண்டர் கிடையாது. பின்னால் ஒரு அறையில் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும், அங்கே போய்க் கேட்டால் நேராகக் குழாயைத் திறந்து பிடித்துத் தருவார்கள்.

எனக்கு மறக்காதது அந்த வாங்கு, பெஞ்சைத்தான் சொல்கிறேன். ஆளை விட உயரமான முதுகுப் பலகை வைத்த வாங்கு, அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் பெட்டி போல அடைத்து நிற்கும். கதவு திறக்கும்போது வருகிற குளிர்காற்று முதுகில் படாமல் இருக்க அந்த உயரம். உள்ளே போய் உட்கார்ந்தால் எதிரே இருக்கிறவருடைய முழங்கால் உங்கள் முழங்காலில் இடிக்கும். கதைக்காமல் இருக்க ஏலாது. நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம், அதுவரை ஒரு வெள்ளைக்காரரும் என்னோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைத்தது கிடையாது. அன்றைக்கு நாலு பேர், உருளைக்கிழங்கு விலையில் தொடங்கி, யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது என்பது வரைக்கும் கேட்டுவிட்டார்கள். வேறு எங்கே திரும்புவது? மூன்று பக்கமும் பலகை!

சும்மா ஒருத்தன்

எல்லாம் சரி. ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மழையில் நனைந்துகொண்டு கழிப்பறைக்குப் போவதும், குளிர்காற்றுக்குப் பயந்து பெட்டிக்குள் உட்கார்வதும் பாரம்பரியமா? வசதி செய்யக் காசில்லாமல் விட்டதை இப்போது பெருமையாகச் சொல்கிறோம். அவ்வளவுதானே?

உளிக்காரன்

@சும்மா ஒருத்தன், பாதி சரி. காசில்லாமல் விட்டதுதான். அதை நான் மறைக்கவே இல்லையே.

மீனா பர்மிங்காம்

நான் குடிப்பதில்லை, ஆனால் பப்பில் சாப்பிடப் போவேன். ப்ரெட்ஃபோர்டன் ஃப்ளீஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? வூஸ்டர்‌ஷர், ஈவ்ஷம் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்.

அது 15ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாயி கட்டிய வீடு. மனிதர் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். 1848இல் பப் ஆனது. கட்டிய குடும்பத்தின் கையிலேயே கடைசிவரை இருந்தது. கடைசி வாரிசு லோலா டாப்ளின் என்ற அம்மாள். 1977இல், 83 வயதில், அதே பப்பின் சின்ன அறையில் கனப்படுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். கட்டிடத்தை, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: இங்கே உருளைக்கிழங்குச் சிப்ஸ் விற்கக் கூடாது! பாக்கெட் கிழிக்கும் சத்தம் பிடிக்காதோ, தரையில் சிந்துவது பிடிக்காதோ. இன்றைக்கும் அங்கே சிப்ஸ் கிடையாது. என் பையன் அழுதான்.

மூன்று அறைகள். ஒன்றில் முன்பு பீர் காய்ச்சினார்கள், பெயரும் ப்ரூஹவுஸ் என்றே. இன்னொன்றில் பியூட்டர் தட்டுகள், வெள்ளீயக் கலவையில் செய்தவை, பெரிய அலமாரி நிறைய. குரோம்வெல் தன் படைக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளித் தட்டுகளை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று கதை சொல்வார்கள். கதைதான்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது அடுப்படித் தரையை. கல்லில் வெள்ளையாக மூன்று வட்டங்கள் போட்டிருக்கும். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரி இறங்கி வந்துவிடாமல் இருக்க. அழிய அழிய மறுபடி வரைகிறார்கள். எங்கள் ஆத்தா இதைப் பார்த்திருந்தால் ‘புள்ளி வைக்காமல் என்ன கோலம்’ என்று கேட்டிருப்பாள்.

2004 பிப்ரவரியில் பெரிய தீ விபத்து. புகைபோக்கியிலிருந்து பறந்த பொறி வைக்கோல் கூரையில் விழுந்துவிட்டது. கூரை போனது. உள்ளேயிருந்த சாமான்களில் பெரும்பாலானவை தப்பின. அடுத்த வருடம் கூரை வேய்ந்து திறந்துவிட்டார்கள். முதல் முறை போனவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும்.

சும்மா ஒருத்தன்

பார்த்தீர்களா, அதைத்தான் சொல்கிறேன் மீனா அக்கா. கூரை புதுசு. சொந்தக்காரர் டிரஸ்ட். வட்டத்தை வரைவது சம்பளத்துக்கு வேலை செய்பவர். அப்புறம் ‘15ஆம் நூற்றாண்டு’ என்றால் என்ன அர்த்தம்? நேராக அருங்காட்சியகமாகவே வைத்துவிடலாமே. கார்டிஃபில் அப்படித்தான் செய்தார்கள். வல்கன் ஹோட்டல் என்று 1853இல் திறந்த பப், 2012இல் மூடினார்கள். செங்கல் செங்கலாகப் பிரித்து செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டி, 2024 மே மாதம் திறந்தார்கள். 1915இல் எப்படி இருந்ததோ அப்படி. பீரும் விற்கிறார்கள். அது நேர்மை. ‘இது காட்சிப்பொருள்’ என்று ஒத்துக்கொண்டு செய்கிறார்கள்.

ஸ்வான்சி வேலு

வல்கனுக்கு நான் போனேன். அழகாக இருக்கிறது, தரையில் மரத்தூள் கூடத் தூவியிருந்தார்கள். ஆனால் அண்ணே, அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் என்னை மாதிரி டூரிஸ்டுதான். தினமும் ஐந்து மணிக்கு வந்து அதே மூலையில் உட்காருகிற ஆள் ஒருத்தர் இல்லையே. ஒரு பப்பை எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், அந்த ஆளைத் தூக்க முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேல்ஸில் இருக்கிற பெஸி வீடு என்கிற பப். பெம்ப்ரோக்‌ஷரில் க்வாய்ன் பள்ளத்தாக்கு, பான்ட்ஃபைன் என்கிற ஊர். பலகையில் டிஃப்ரின் ஆர்ம்ஸ் என்று இருக்கும். வளைந்து வளைந்து ஒற்றைக் கார் போகும் சாலை, எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால், பப்பா இல்லை யாருடைய வீட்டுக் கூடமா என்று சந்தேகம் வரும். ஒரே அறை, ஓடு பதித்த தரை, சுவரோரமாகப் பெஞ்சு, எலிசபெத் ராணி படம். சுவரில் ஒரு தள்ளு ஜன்னல். பாஸ் என்ற பீர், பீப்பாயிலிருந்து கூஜாவில் பிடித்து, கூஜாவிலிருந்து கிளாஸில்.

நான் முதலில் போனபோது பெஸி அம்மாவே ஜன்னலில் இருந்தார். 70 வருஷத்துக்கு மேலாக அந்த ஜன்னலில் நின்றவர். புதிதாக யார் வந்தாலும் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்காமல் கிளாஸ் வராது. நான் ‘தஞ்சாவூர்’ என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, “அங்கே மழை உண்டா?” என்றார். 2023 டிசம்பரில், 93 வயதில் காலமானார். இப்போது குடும்பத்தினர் நடத்துகிறார்கள். ஜன்னல் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பள்ளத்தாக்கில் புத்தாண்டு ஜனவரி 13. ‘ஹென் கலான்’ என்பார்கள். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியது, இவர்கள் மட்டும் மாற மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிக் காசும் மிட்டாயும் வாங்குவார்கள். நாட்காட்டியையே மாற்றாத ஊரில் பப்பை மட்டும் மாற்றிவிடுவார்களா?

உளிக்காரன்

வேலு சொன்ன ‘ஐந்து மணி ஆள்’ விஷயத்துக்கே வருகிறேன். அந்த ஆளை எந்தச் சட்டமும் காப்பாற்றாது, சட்டம் எதைக் காப்பாற்றும் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஒரு கட்டிடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தால் வெளிச்சுவர் மட்டுமில்லை, உள்ளே கட்டிடத்தோடு பொருத்தப்பட்ட எல்லாமே அதில் அடங்கும். ஜன்னல், சுவர்ப் பலகை, அடுப்பு, சுவரோடு அடித்த பெஞ்சு. அனுமதி இல்லாமல் எடுத்தால் குற்றம். ஆனால் தனியாகத் தூக்கக்கூடிய பெஞ்சு? அது வெறும் தட்டுமுட்டுச் சாமான். ஹாரோ மாமா சொன்ன மாதிரி வாங்கு ஆணி அடித்திருந்தால் பாரம்பரியம், அடிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகலாம். நான் வேலைக்குப் போன ஒரு கிராமத்துப் பப்பில் (பேர் வேண்டாம்) புது முதலாளி வாங்கிய அன்றே மூன்று செட்டில்களை, அதாவது மாமா சொன்ன மாதிரி உயர்முதுகு வாங்குகளை, வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதில் ஒன்றின் கைப்பிடி, நூற்றைம்பது வருஷம் கை பட்டுப் பட்டு, சோப்புக்கட்டி மாதிரி குழிந்திருந்தது. நான் அளவு எடுக்கப் போனபோது தரையில் அதன் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. சிவப்பு ஓட்டில் நாலு வெளிர் வட்டம்.

அடுத்தது கூரையின் உள்பக்கம். பழைய பப்பில் மேலே பார்த்திருக்கிறீர்களா? தேன் நிறமாக, சில இடத்தில் காப்பி டிகாஷன் நிறமாக இருக்கும். அது பெயின்ட் இல்லை, நூறு வருஷப் புகையிலை. 2007இல் புகைக்கத் தடை வந்தபிறகு அந்த நிறம் புதிதாக ஊறுவது நின்றுவிட்டது. இப்போது ஒரு இடத்தில் காரை பெயர்ந்து ஒட்டுப்போட்டால், அந்த ஒட்டு வெள்ளையாகத் தனியே பல்லிளிக்கும். முன்பு ஐந்து வருஷத்தில் தானே கலந்துவிடும். இன்றைக்கு அதற்குச் சாயம் கலந்து புகை நிறத்தைப் பொய்யாகப் பூச வேண்டும். நானே பூசியிருக்கிறேன். சும்மா ஒருத்தன் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்.

சும்மா ஒருத்தன்

சிரித்துவிட்டேன்.

ரெடிங் ராமு

உளிக்காரன் அண்ணே, ஒரு கேள்வி. பீப்பாயிலிருந்து நேரே பிடிப்பதற்கும் அறை அமைப்புக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? அங்கே குடித்த பீர் மற்ற இடத்தில் குடிப்பது மாதிரி நுரைத்துக் கொட்டவில்லை, தட்டையாக, ஆனால் வாசனை அதிகமாக இருந்தது.

உளிக்காரன்

உண்டு, நிறைய. இந்தப் பீர் உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பீப்பாயைப் படுக்கவைத்து, ஆடாமல் அசையாமல் விட்டால் வண்டல் வயிற்றில் தங்கும். மேலே ஒரு துளையில் மரச் செருகி. காற்றுப் போகும் மென்மரச் செருகி முதலில், பொங்கி அடங்கியதும் கெட்டி மரம். 11 முதல் 13 டிகிரிக்குள் குளிர் இருக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அதற்கு வடக்குப் பார்த்த பின்னறைதான். அதனால்தான் இந்த வீடுகளில் பீர் அறை எப்போதும் பின்னால், வெயில் படாத மூலையில், கல் தரையோடு.

திறந்த பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டும், இல்லாவிட்டால் புளிக்கும். கிராமத்தில் கூட்டம் குறைவு, அதனால் 9 காலன் பீப்பாய், 41 லிட்டர். சுமார் 70 பைன்ட். தினம் இருபத்தைந்து பைன்ட் விற்றால்தான் கட்டும். ராமு, பெல்லில் அந்தக் குனியும் ஜன்னல் ‘அழகுக்காக’ என்று நினைக்காதீர்கள். இத்தனை பேருக்கு இத்தனை சரக்கு என்ற கணக்குக்கு ஏற்ற அளவு அது. ஜன்னலைப் பெரிசாக்கினால் கூட்டம் வேண்டும், கூட்டம் வந்தால் சமையலறை வேண்டும், சமையலறை வந்தால் பின்னறை போகும்.

ஹாரோ மாமா

இது எனக்கு விளங்குகிறது. என்னுடைய கடையிலும் அதே கணக்குத்தான்.

மீனா பர்மிங்காம்

எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஃப்ளீஸில் லோலா, வேலு சொன்ன பெஸி. இவையெல்லாம் ஏன் ஏதோ ஒரு வயசான அம்மாள் பேரோடேயே இருக்கின்றன?

உளிக்காரன்

மீனா, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெவனில் ட்ரூஸ்டேன்டன் ஊர், ட்ரூ ஆர்ம்ஸ். மேபல் மட்ஜ் என்ற அம்மாள் 1919இல் கணவரோடு பொறுப்பெடுத்து, 1994இல் 99 வயதில்தான் ஓய்வு பெற்றார். 75 வருஷம்! பீப்பாய்கள் பின்னறை ரேக்கில், ஜன்னல் வழியே வியாபாரம். அந்தப் பப்புக்கு முன்பு ட்ரூயிட் ஆர்ம்ஸ் என்று பேர். பக்கத்தில் ட்ரோகோ கோட்டை கட்டிய ஜூலியஸ் ட்ரூ, ஹோம் அண்ட் கலோனியல் என்ற கடைச் சங்கிலியில், தேயிலை வியாபாரத்தில் பணம் சேர்த்தவர், தன் குடும்பப் பேருக்கு மாற்றவைத்தார். கோட்டையை வடிவமைத்தவர் புது டெல்லி கட்டிய அதே லட்யன்ஸ். ஊர்ப் பப்பின் பேரை மாற்ற முடிந்தது, உள்ளறையை அவராலும் மாற்ற முடியவில்லை, அல்லது அங்கே எட்டிப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது என் ஊர்ப் பக்கம், லீன்ட்வர்டைன் சன் இன். ஃப்ளாஸி லேன் அம்மாள் 1914இல் அந்த வீட்டிலேயே பிறந்தவர். பீப்பாய்கள் அவருடைய சமையலறையில். குடிக்க வருபவர்கள் சிவப்பு ஓட்டுத் தரை அறையில் பெஞ்சில் உட்காருவார்கள், பழகியவர்களுக்கு அவர் சோபா போட்டிருக்கும் அறைக்கும் அனுமதி. பக்கத்திலேயே மீன் வறுவல் கடை, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இங்கே வந்து சாப்பிடலாம். 2009இல் 94 வயதில் இறந்தபோது, வீடாக மாற்றிவிடுவார்களோ என்று ஊரே பதறியது. கடைசியில் பப்பாகவே நடத்துகிறவர்கள் வாங்கினார்கள். பின்னால் புதுக் கட்டிடம் எழுப்பி, கவுண்டர், கழிப்பறை, கூட்டம் எல்லாவற்றையும் அங்கே தள்ளினார்கள். முன்னறைகள் இரண்டும் இருந்தபடி.

ஏன் பெண்கள் என்றால், கணவன் போனபின் உரிமத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போகாமல் பிழைக்க இருந்த சில தொழில்களில் இது ஒன்று. அது அவர்கள் வீடு. யாரும் தன் வீட்டுக் கூடத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இடித்துக் கட்டுவதில்லை.

சும்மா ஒருத்தன்

சரி, இந்தப் பின்கட்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கூட்டத்தைப் பின்னால் அனுப்பிவிட்டு முன்னறையை விட்டுவிடுவது. அருங்காட்சியகம் என்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஆள் போனபிறகு யார் வாங்குவது என்பதுதான் பிரச்சினை. எப்போதும் நல்ல ஆள் வருவாரா?

ஸ்வான்சி வேலு

வராவிட்டால் ஊரே வாங்குகிறது. ட்ரூ ஆர்ம்ஸையும், மாமாவின் லோ ஹவுஸையும் இப்படி ஊர்க்காரர்கள் கூடித்தான் மீட்டார்கள் என்று படித்தேன். 2011 உள்ளாட்சிச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் ஒரு பப்பை ‘சமூகச் சொத்து’ என்று பதிவு செய்துவிட்டால், விற்க வரும்போது ஊருக்கு ஆறு மாத அவகாசம் கேட்க உரிமை உண்டு. பணத்தை ஊர்க்காரர்களே திரட்ட வேண்டும். உரிமையாளர் அவர்களுக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, ஆனாலும் அந்த ஆறு மாதம் பெரிய விஷயம். 2017க்குப் பிறகு திட்ட அனுமதி இல்லாமல் பப்பை இடிக்கவோ கடையாக மாற்றவோ முடியாது.

இடித்துவிட்டு அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு லண்டன் கார்ல்டன் டாவர்ன் கதையைச் சொல்லுங்கள். 2015இல் அனுமதி இல்லாமல் இடித்தார்கள். செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று உத்தரவு. 2021இல் திறந்தது.

ஹாரோ மாமா

லோ ஹவுஸுக்கு 86க்குப் பிறகு நான் போகவில்லை. என்னைக் கூட்டிப் போன கிழவர் எப்போதோ போய்விட்டார். அந்த வாங்கு இப்பவும் இருக்குமோ?

உளிக்காரன்

இருக்கிறது மாமா. மூன்று வருஷம் முன் பார்த்தேன். அடுப்பைச் சுற்றி அதே பெட்டி. முழங்கால் இடிக்கிறது.

ஹாரோ மாமா

அப்படியென்றால் ஒரு நாளைக்குப் போவோம். பேரன் கார் ஓட்டுவான். அவன் குடிக்கமாட்டான், அது ஒரு வசதி.

ரெடிங் ராமு

மாமா, அதற்கு முன்னால் எல்லோரும் பெல்லுக்கு வாருங்கள், நடுவில் இருக்கிற இடம். இந்த மாதக் கடைசி ஞாயிறு மதியம். திங்கள் என்றால் மூடியிருக்கும், கவனம். மீனா அக்கா, பையனைக் கூட்டி வாருங்கள், சிப்ஸ் உண்டா என்று நான் பார்க்கவில்லை, ரொட்டி நிச்சயம் உண்டு. சும்மா ஒருத்தனும் வர வேண்டும், வெளியே இருக்கும் கழிப்பறையை அவர் நேரில் பார்த்துத் திட்டட்டும். போனை மட்டும் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சும்மா ஒருத்தன்

வருகிறேன். மழை பெய்யக் கூடாது. எத்தனை மணிக்கு?

ரெடிங் ராமு

ஒரு மணி. கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை, அந்தக் கடிகாரத்தில் ஒன்றுக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில் கோடே கிடையாது.